புது டிவி, இலவசச் சேனல் மட்டும் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிப்பது

போன வைகாசியில், குண்டடம் பக்கத்தில் இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) தோட்டத்துக்கு மாமா ஒரு 43 இஞ்ச் டிவி வாங்கிப் போட்டார். "டிஜிட்டல் டிவிங்க, எல்லாமே வருமுங்க" என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், சுவரில் மாட்டி ஸ்கேன் போட்டால் ஒரு சேனல்கூட இல்லை. "ஏன் மாப்ள, பெட்டி புதுசு, கரண்ட் இருக்குது, படம் மட்டும் வரமாட்டேங்குது. வந்து என்னன்னு பாரு" என்று மாமா கூப்பிட்டார்.

எனக்கு வேலை காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுவது. டிவி பார்த்துக் கொடுப்பது சொந்தபந்தம் என் தலையில் கட்டிய உபதொழில். அப்படிப் போய்ப் பார்த்த வீடுகளில் டிவி கெட்டுப்போய் இருந்தது அபூர்வம். வாங்கும்போது ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒயரைத் தப்பான ஓட்டையில் சொருகியிருப்பார்கள்.

ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை, கேபிள்காரர் வந்து பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கம் நிறையக் குடும்பங்கள் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளையில் இருக்கின்றன. ஒரு வீட்டுக்காக முக்கால் கிலோமீட்டர் ஒயர் இழுக்க யாரும் வரமாட்டார்கள். மாதக் காசு கட்டாமல் வானத்தில் இருந்து வருவதைப் பிடிப்பதுதான் அங்கே வழி.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் "டிஜிட்டல்" என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும், அதற்குள் மூன்று வழி இருக்கிறது: ஆன்டெனா, கேபிள், டிஷ். மூன்றுக்கும் டிவிக்குள் இருக்க வேண்டிய டியூனர், அதாவது சிக்னலைப் பிடிக்கும் பகுதி, வேறு வேறு. அட்டைப்பெட்டியில் டிவிபி-டி2 என்று போட்டிருந்தால் ஆன்டெனாவுக்கு, டிவிபி-சி என்றால் கேபிளுக்கு, டிவிபி-எஸ்2 என்றால் டிஷ்ஷுக்கு. கொங்கு நாட்டில் இலவசமாகப் பார்க்க உதவுவது கடைசியாகச் சொன்ன எஸ்2 மட்டும்தான். இனி, வீட்டில் என்ன தெரிகிறதோ அந்த இடத்தில் இருந்து படியுங்கள்.

"ஆன்டெனா மாட்டி ஸ்கேன் போட்டேன், ஒன்றுமே இல்லை"

மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி பழைய ஆன்டெனா இன்னும் நிற்கிற வீடுகளில் இந்தப் பேச்சு வரும். ஒரு காலத்தில் அதைத் தெற்கே கொடைக்கானல் பார்த்துத் திருப்பி வைத்தால் தூர்தர்ஷன் வந்தது. காற்றில் அது திரும்பிக்கொண்டால், மேலே ஒருவர் திருக, கீழே ஒருவர் "வந்துருச்சு, போயிருச்சு" என்று கத்துவது ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக டிவிபி-டி2 முறையில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை 2016இல் 16 நகரங்களில் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்.

ஆகவே கோவையிலோ ஈரோட்டிலோ டி2 டியூனர் உள்ள டிவியில் எத்தனை நல்ல ஆன்டெனா மாட்டினாலும் பிடிக்க எதுவும் இல்லை. பூஸ்டர் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். மாமாவின் டிவியில் நடந்தது இதுதான். கடையில் சொன்னது பொய்யும் இல்லை, அது டிஜிட்டல் டிவிதான். நமக்கு உபயோகப்படாத டிஜிட்டல்.

"கேபிள் ஒயரை நேராக டிவியில் சொருகினேன்"

பாக்ஸ் இல்லாமல் சொருகினால் சேனல் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும், படம் கறுப்பாக இருக்கும், "ஸ்கிராம்பிள்ட்" என்று எழுத்து வரும். அரசு கேபிளோ தனியார் கேபிளோ, சேனல்களைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள், சாவி அவர்கள் கொடுக்கும் பாக்ஸில் இருக்கிறது. டிவியில் டிவிபி-சி இருப்பதால் பூட்டு திறக்காது. பாக்ஸை மாட்டுங்கள், அவ்வளவுதான்.

"மெனுவில் சாட்டிலைட் என்ற வார்த்தையே இல்லை"

டிவியை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போங்கள். செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒயர் சொருகும் ஓட்டையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வழவழப்பாக, தள்ளினால் உள்ளே போகிற மாதிரி இருக்கும், பக்கத்தில் 'ஆன்ட்' அல்லது 'ஆர்எஃப்' என்று அச்சடித்திருப்பார்கள். இன்னொன்றில் வெளிப்பக்கம் மரை இருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் கரகரவென்று தட்டும். பக்கத்தில் 'சாட்டிலைட்' அல்லது 'எல்என்பி' (டிஷ்ஷின் மூக்கில் சிக்னலை வாங்கும் கருவி) என்றிருக்கும். மரை உள்ள ஓட்டை இருந்தால்தான் டிஷ் ஒயரை நேராக மாட்ட முடியும்.

மரை ஓட்டை இருந்தும் மெனுவில் சாட்டிலைட் வரவில்லையா? செட்டிங்கில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். முதன்முதலில் டிவியை ஆன் செய்தபோது யாராவது அவசரத்தில் வேறு நாட்டைத் தட்டியிருந்தால் டியூனர் மெனுவே மாறி நிற்கும். அடுத்தது 'டியூனர் மோட்' என்ற இடம். அது கேபிளில் நின்றால் சாட்டிலைட் ஸ்கேன் தெரியாது. சிலதில் நேரலைச் சேனலுக்கு என்று ஒரு தனி ஆப் இருக்கும், அதன் உள்ளே போய்த்தான் தேட வேண்டும்.

வழவழ ஓட்டை மட்டும்தான் என்றால், அந்த டிவியில் டிஷ் டியூனர் இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் வரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். டியூனர் என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள். இல்லாததை அப்டேட் கொண்டுவராது.

அதற்காக டிவியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. டிடி ஃப்ரீ டிஷ் என்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒளிபரப்பு. அதற்கான பாக்ஸ் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ ஓட்டையில் மாட்டினால் தீர்ந்தது. டிஷ், எல்என்பி, பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயை ஒட்டி முடியும், அதற்குமேல் மாதக் கட்டணம் கிடையாது. இந்த ஒளிபரப்பு 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. பழைய பாக்ஸ் வீட்டில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முள் ஒயர்தான் இருக்கும். இப்போது வரும் டிவிகள் பலவற்றில் அந்த மூன்று ஓட்டை இல்லை. ஒரே சின்ன ஏவி ஓட்டை வைத்திருந்தால் அதற்கென்று ஒரு மாற்று ஒயர் வேண்டும்.

இனிமேல்தான் டிவி வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் "டிஜிட்டலா?" என்று கேட்காதீர்கள். "டிவிபி-எஸ்2 இருக்குதுங்களா, பின்னாடி திருப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே என்பதெல்லாம் திரையில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. அதற்கும் டியூனருக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்மார்ட் என்றால் இன்டர்நெட், அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே மாடல் பெயரில் கடைசி எழுத்து மாறினால் டியூனரும் மாறலாம். ஷோரூமில் மாட்டியிருக்கும் டிவியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டாமல், வீட்டுக்கு வரப்போகும் பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு உள்ளேயே சாட்டிலைட் டியூனர் வைத்த டிவிக்கென்று ஐஎஸ் 18112 என்ற தரநிலையை 2022இல் கொண்டுவந்தது. அந்த எண் குறிப்பில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

உள்ளே டியூனர் உள்ள டிவிக்குக் கூடக் காசு கொடுக்கலாமா? அம்மாயி மாதிரி ஆள் என்றால் கொடுக்கலாம். இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டு எதில் சத்தம், எதில் சேனல் என்று 75 வயதில் கற்றுக்கொள்வது லேசு இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பாக்ஸே போதும். நாளைக்கு ஒளிபரப்பு முறை மாறினால் பாக்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

"சாட்டிலைட் மெனு இருக்கிறது, சிக்னல் சைபர்"

சிக்னல், குவாலிட்டி என்ற இரண்டு பட்டையுமே சைபர் என்றால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கீழே இருக்கும்.

டிஷ்ஷின் மூக்கில் இருக்கிற எல்என்பிக்கு மின்சாரம் அந்த ஒயர் வழியாகவே போகிறது: செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடைமட்ட அலைக்கு 18 வோல்ட். பாக்ஸ் இதைத் தானாக அனுப்பும். டிவியில் 'எல்என்பி பவர்' என்று ஒரு இடம் இருக்கும், சில டிவிகளில் அது ஆஃபில்தான் வரும். ஆன் செய்யுங்கள். நான் பார்த்ததில் பாதிக் கேஸ் இதிலேயே முடிந்தது.

அப்புறம் ஒயரின் முனை. மரை கனெக்டரைக் கழற்றி உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு செப்புக் கம்பி, கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் இருக்கும் வலைக்கம்பியில் இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட். திருப்பூரில் பெரியம்மா வீட்டில் ஒரு மணி நேரம் மாடி ஏறி இறங்கிய பிறகுதான் அந்த இழை என் கண்ணில் பட்டது. இதைச் செய்யும்போது டிவி பிளக்கைக் கழற்றி வைத்திருங்கள்.

நடுவில் ஸ்பிளிட்டர், அதாவது ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கும் துண்டு, இருக்கிறதா? கேபிளுக்கு விற்கும் சின்ன ஸ்பிளிட்டர் டிஷ்ஷுக்கு ஆகாது. அது ஆயிரம் மெகாஹெர்ட்ஸை ஒட்டி நின்றுவிடும், மின்சாரத்தையும் மேலே விடாது. டிஷ் ஒயரில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த எண் அச்சடித்த சாட்டிலைட் ஸ்பிளிட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக மெனுவில் எல்என்பி அலைவரிசை. யுனிவர்சல் எல்என்பி என்றால் 9750/10600 என்று வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், இது வெறும் கழித்தல் கணக்கு. ஃப்ரீ டிஷ்ஷின் ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு தொகுதி சேனல்களை அனுப்பும் கருவி) 11090 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 11090இல் 9750ஐக் கழித்தால் 1340. டியூனர் பிடிக்கும் எல்லைக்குள் அது வருகிறது. மெனுவில் 10600 மட்டும் என்று நின்றால் 490தான் மிஞ்சும், டியூனர் அங்கே தேடவே போகாது. டிஷ் சரியாக நின்றாலும் ஸ்கேன் வெறுங்கையோடு திரும்பும். டைசெக் என்ற வரியை ஆஃப் செய்துவிடுங்கள், அது பல எல்என்பிகளுக்கு இடையே மாற்றுவதற்கு, ஒற்றை டிஷ் உள்ள வீட்டில் தேவையில்லை.

"சிக்னல் 80 காட்டுகிறது, குவாலிட்டி சைபர்"

எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. சிக்னல் என்ற பட்டை ஒயரும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். டிஷ் எங்கே பார்த்து நின்றாலும் அது ஏறும். குவாலிட்டிதான் நிஜம்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளில் இருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏவியது. நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. கட்டண டிடிஎச் நிறுவனங்களில் பலவும் வேறு வேறு செயற்கைக்கோளில் இருப்பதால், மாடியில் ஏற்கெனவே நிற்கும் டிஷ் நமக்கு வேண்டியதைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 83, 88, 95, 108 டிகிரி என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். டிஷ்ஷையும் எல்என்பியையும் வைத்துக்கொண்டு திசையை மட்டும் மாற்றலாம், புதுசு வாங்க வேண்டாம்.

திசை எது? கோவையில் நின்றால் வடக்கில் இருந்து 123 டிகிரி, ஈரோட்டில் 125. அதாவது கிழக்கைத் தாண்டி, நம் ஆட்கள் சமையல்கட்டு வைக்கும் அக்னி மூலையை ஒட்டி. உயரக் கோணம் 67 டிகிரி வாக்கில், கிட்டத்தட்ட உச்சிக்குக் கொஞ்சம் கீழே. முதல்முறை டிஷ் கட்டுபவர்கள் இதை நம்பமாட்டார்கள், அடிவானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைப்பார்கள். நாம் வாங்கும் டிஷ் ஆஃப்செட் வகை. முகம் பார்ப்பதாகத் தெரிகிற இடத்தைவிட 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் அது உண்மையில் பார்க்கிறது. அதனால் கண்ணளவில் வைக்காமல், கிளாம்பின் பக்கத்தில் அச்சடித்த கோண அளவில் 67 வைத்து இறுக்குங்கள். அந்த அளவு சரியாக இருக்கக் கம்பம் நேராக நிற்க வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டை இரண்டு பக்கம் விட்டுப் பாருங்கள். கம்பம் இரண்டு டிகிரி சாய்ந்தால் நாள் பூராவும் தேடினாலும் கிடைக்காது. போன் திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும், நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

இன்னொன்று, யூடியூபில் வடக்கத்திக்காரர்கள் போடும் வீடியோவை அப்படியே பின்பற்றினால் இங்கே வராது. டெல்லியில் இதே செயற்கைக்கோளுக்கு உயரம் 52 டிகிரி, நமக்கு 67. திசை அங்கே 149, இங்கே 123. எல்என்பியை அதன் பிடிக்குள் சாய்த்துத் திருகும் கோணம் டெல்லியில் கணக்குப்படி 27 டிகிரி வாக்கில் இருந்தால் கோவையில் அது 56. நாம் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இந்த வித்தியாசம். டிஷ் சரியாக நின்றும் குவாலிட்டி 20, 30ஐத் தாண்டவில்லை என்றால் எல்என்பிப் பிடியின் ஸ்குருவைத் தளர்த்தி, எல்என்பியை மட்டும் மெல்லத் திருகிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருகினால் ஏறுகிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

தேடும்போது மெனுவில் ஒரே ஒரு டிரான்ஸ்பாண்டரை வைத்துக்கொள்ளுங்கள்: அலைவரிசை 11090, சிம்பல் ரேட் 29500, போலரைசேஷன் வெர்ட்டிகல். பட்டியலில் 93.5 இல்லாவிட்டால் காலியாக உள்ள 'யூசர்' என்ற இடத்தில் இதைக் கையால் அடிக்கலாம். அப்புறம் மேலே ஒருவர், கீழே ஒருவர். எங்கள் மாமா மகன் டிவி முன்னால் வீடியோ காலில் உட்கார்ந்தான். "இருபதுங்கண்ணா... இருவத்தஞ்சு... அப்படியே நிறுத்துங்க, போச்சுங்க, திரும்பி வாங்க." டிவி குவாலிட்டியைக் கணக்குப் போட்டுக் காட்ட இரண்டு மூன்று விநாடி ஆகும். விரல்கடை நகர்த்தி, மூன்று எண்ணி, அப்புறம் அடுத்த விரல்கடை. சர்ரென்று திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போனதே தெரியாது. கிடைத்ததும் நட்டை ஒவ்வொன்றாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஆன்டெனா காலத்துச் சடங்குதான் இது, கத்துவதற்குப் பதில் போன், அவ்வளவுதான்.

"கொஞ்சம் சேனல் வருகிறது, மீதி இல்லை"

ஃப்ரீ டிஷ்ஷில் சேனல்கள் இரண்டு விதமாகச் சுருக்கி அனுப்பப்படுகின்றன: பழைய எம்பெக்-2, புதிய எம்பெக்-4. பழைய பாக்ஸ் முதல் விதத்தை மட்டும் படிக்கும். பக்கத்துத் தோட்டத்தில் வருகிற சேனல் உங்களுக்கு வரவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம். டிவிக்குள்ளேயே எஸ்2 டியூனர் இருந்தால் இரண்டும் வரும். பாக்ஸ் வாங்குகிறவர்கள் எம்பெக்-4 என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். கடையின் மூலையில் கிடக்கும் பழைய சரக்கை நூறு, இருநூறு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெயர் மட்டும் ஏறிப் படம் வராத சேனல்கள் பூட்டிய கட்டணச் சேனல்கள். ஸ்கேன் போடும்போது 'ஃப்ரீ ஒன்லி' என்று கேட்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுத்தமாக வரும்.

சித்திரைக்கு முன்னால் ஏப்ரல் பிறந்ததும் "நேத்து வரைக்கும் வந்த சேனலைக் காணோம்" என்று எனக்கு நாலைந்து போன் வரும். தனியார் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் இடத்தை ஏலத்தில் எடுக்கின்றன, கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. எடுக்காதது வெளியே போகும், புதுசு உள்ளே வரும். டிவியில் தவறு இல்லை. மறுபடி ஒரு முழு ஸ்கேன் போடுங்கள்.

"வருகிறது, போகிறது"

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் டிஷ் பறக்காமல் இருந்தால் பெரிது. ஆனி, ஆடியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் கம்பத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் இரண்டே போல்ட்டில் நிற்கிறதென்றால் மூன்றாவது பிடி ஒன்று குறுக்காகக் கொடுங்கள். டிஷ்ஷை வீட்டின் கிழக்குப் பக்கம், சுவர் மறைவில் வைக்கலாம். காற்று மேற்கே இருந்து வருகிறது, நமக்கு வேண்டியது தென்கிழக்கு. இரண்டும் ஒத்துப்போகிற மூலை அது.

மழையில் போனால்? கனமழை கொட்டும் அந்தச் சில நிமிடம் போவது இயல்பு, இந்த அலைவரிசைக்குத் தண்ணீர் ஆகாது. தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் அரைகுறையாக நிற்கிறது, குவாலிட்டியை இன்னும் ஏற்ற வேண்டும். சமவெளியில் 60 சென்டிமீட்டர் டிஷ் போதும், வால்பாறைப் பக்கம் 90 போடுவது நல்லது. மழை நின்று வெயில் அடித்தும் வரவில்லை என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். கழற்றினால் செம்பு பச்சை பிடித்திருக்கும். அந்த அரையடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுத் தொங்க விட்டால் தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

தென்னந்தோப்புக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. மட்டை அசையும்போதெல்லாம் படம் போகும். 67 டிகிரி உயரம் என்பதால் தூரத்து மரம் மறைக்காது. டிஷ்ஷைவிட 40 அடி உயரம் அதிகமான மரம், தென்கிழக்கில் 17 அடிக்குள் இருந்தால்தான் குறுக்கே வரும். இதைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன், காசு செலவில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணி வாக்கில் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரம் டிஷ்மேல் மட்டையின் நிழல் விழுந்தால், மறைப்பது அந்த மட்டைதான். அதே நாட்களில் அதே நேரம் சில நிமிடம் எல்லோர் வீட்டிலும் படம் போகும், சூரியனின் இரைச்சல் சிக்னலை அமுக்கிவிடும். அப்போது யாரும் மாடி ஏறி டிஷ்ஷைத் திருகிவிடாதீர்கள். காபி குடித்துவிட்டு வந்தால் தானாக வந்திருக்கும்.

"முகமெல்லாம் அகலமாகத் தெரிகிறது"

சேனல் பழைய 4:3 அளவில் அனுப்பினால் டிவி அதை இழுத்துத் திரையை நிரப்பும். ரிமோட்டில் பட அளவு என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது '4:3' வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அது கோளாறு இல்லை.

"எல்லாம் வருகிறது, பொதிகையைக் காணோம்"

மாமா வீட்டில் கடைசியாகத் தீர்த்தது இது. பாக்ஸ் வாங்கி மாட்டி, டிஷ்ஷைத் திருப்பி, சேனல்கள் வரிசையாக ஏறிவிட்டன. ஆனால் அம்மாயி ரிமோட்டை வைத்துக்கொண்டு, "அத்தனையும் இந்திக்காரன்தான் கண்ணு பேசறான், நம்ம பொதிகை எங்க?" என்று கேட்டார். பொதிகையின் பெயர் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறிவிட்டது. பட்டியலில் டி என்ற எழுத்தில் தேட வேண்டும்.

இதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்ச் சேனல்கள் கொஞ்சம்தான், பெரும்பகுதி இந்தி. சீரியலும் புதுப்படமும் எதிர்பார்ப்பவர்கள் மாதக் காசு கட்டும் வழிக்குப் போவதே மேல். செய்தி, பள்ளிப் பாடச் சேனல்கள், வானொலி போதும் என்பவர்களுக்கு இது வஞ்சகமில்லாத வழி. ஆகாசவாணி வானொலிகளும் இதே டிஷ்ஷில் வருகின்றன, சேனல் பட்டியலில் 'ரேடியோ' என்று தனியாக இருக்கும். அம்மாயிக்கு வேண்டிய ஏழெட்டுச் சேனலை மட்டும் 'ஃபேவரைட்' பட்டியலில் போட்டு, ரிமோட்டில் அந்தப் பொத்தானுக்கு மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். இப்போது அதை மட்டும்தான் அமுக்குகிறார்.